வாய்க்கால் கரையிலிருந்து சோலைமலைப் பாதை வரை

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அதனை நோயாளி கேட்பதில்லை. உடன் வந்தவரே கேட்கிறார். "டாக்டர், இவரை வெளியில் நடக்க விடலாமா?" கேட்பவர் மனைவியாகவோ மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். விடை வரும்வரை நோயாளி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாரடைப்பிலிருந்து மீண்டவர், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்பவர் எனப் பலர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள்முதல் வாசற்படியைத் தாண்டாமல் இருப்பதைக் காண்கிறோம். அவர்களைக் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் அவர்கள்மேல் அன்பு கொண்டோரின் அச்சமே.

இவ்வச்சத்திற்காகக் குடும்பத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. மருத்துவமும் ஒரு காலத்தில் இதே அச்சத்தில்தான் இருந்தது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே கிடத்தி வைப்பது வழக்கமான சிகிச்சையாகும். அசையாமல் கிடந்தவரின் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அவ்வுறைகட்டி நுரையீரலை அடைந்து உயிரைப் பறிப்பதும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லௌன் என்னும் மருத்துவர்கள், இத்தகையோரை விரைவிலேயே நாற்காலியில் அமர்த்தலாம் என்று 1952ஆம் ஆண்டு எழுதினர். அந்நாளில் அதுவே பெருந்துணிவாகக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே ஜெரி மாரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாநகரப் பேருந்துகளில் பணியாற்றியோரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நாள் முழுவதும் உட்கார்ந்து வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது என்பதே அதன் சாரம்.

இன்று உலக சுகாதார நிறுவனம், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நாட்பட்ட நோய் உள்ளவர்களும் இயன்ற அளவு இதனைப் பின்பற்றுவது நன்று என்றே அது கூறுகிறது. மருத்துவம் இவ்வாறு மாறிவிட்ட பின்னரும் 'பூரண ஓய்வு' என்ற பழைய சொல் நம் வீடுகளில் நிலைத்திருக்கிறது. அச்சொல்லைச் சொல்லால் மட்டும் அகற்றிவிட இயலாது. உடன் நடந்து காட்டினால் ஒருவேளை இயலும் என்று கருதியே, கடந்த தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் மதுரைக்கு வடக்கே புறப்பட்டோம்.

புறப்படுமுன்

எங்கள் பொதுமருத்துவத் துறையின் மருத்துவர்கள் மூவர், செவிலியர் இருவர், சிகிச்சை பெற்று நலம் தேறிவரும் பதினால்வர், அவர்களுடைய வீட்டார் என ஒரு வேன் நிறைந்தது. ஒவ்வொரு நோயாளியும் வீட்டார் ஒருவருடன் வரவேண்டும் என்பதே நாங்கள் விதித்த முதல் நிபந்தனை. கற்றுக்கொள்ள வேண்டியவர் அவரும்தானே.

வர விரும்பிய எல்லோரையும் நாங்கள் அழைத்துச் செல்லவில்லை. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், இரத்த அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வராதவர், இதய வால்வு மிகவும் சுருங்கியவர், காலில் ஆறாத புண் உள்ளவர், காய்ச்சல் கண்டவர் ஆகியோருக்கு இத்தகைய நடை அப்போதைக்கு ஏற்றதன்று. அவர்களுக்கு முதலில் சிகிச்சை வேண்டும். நடை பின்னர் வரும். மற்றவர்களின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, பாதம் ஆகியவற்றை முன்கூட்டியே சோதித்தோம். இதய நோயாளிகளுக்கு ஈ.சி.ஜி., எக்கோ ஆகியவையும், வேண்டியவர்களுக்கு டிரெட்மில் சோதனையும் செய்யப்பட்டிருந்தன.

இவர்களுள் இருவரைப் பற்றி, அவர்களின் இசைவுடன், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம். ஒருவர் மேலூர்ப் பக்கத்து விவசாயி, வயது அறுபத்திரண்டு. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட நாளத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். வீடு திரும்பியபின் அவர் தம் வயலைப் பார்க்கவே இல்லை. மதுரையில் பணிபுரியும் மகன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவதற்கு ஆளையும் பேசி வைத்திருந்தார். மற்றொருவர் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள அம்மையார், மருமகளுடன் வந்திருந்தார்.

கால்வாய்க் கரையில்

காலை ஆறரை மணிக்குக் கள்ளந்திரியில் இறங்கினோம். பெரியாறு பிரதானக் கால்வாய் அவ்வூர் வழியே செல்கிறது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை, பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய அணை தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது 1895ஆம் ஆண்டில். பேரணையிலிருந்து பிரியும் இக்கால்வாயில் கள்ளந்திரி வரை உள்ள நிலம் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம். அறிமுகம் எதுவும் தேவைப்படாமல் இதனை எங்களுக்கு எடுத்துரைத்தவர் அந்த விவசாயியே. கரையில் நின்று நீரின் போக்கைச் சற்றுநேரம் நோக்கியவர், "எங்களுது கடைமடை. தண்ணி வந்து சேருற நேரத்துல நான் வரப்புல நிக்கலேன்னா அந்த வருசப் பயிரு அம்புட்டுத்தான்" என்றார். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பத்து நிமிடம் சமமான கரையில் மெல்ல நடந்தோம். எந்த நடைக்கும் இத்தகைய தொடக்கம் தேவை. ஓய்ந்திருக்கும் தசைகள் வேலையைத் தொடங்கும்போது அவற்றுக்குக் கூடுதல் இரத்தம் வேண்டும். இதயம் தன் துடிப்பைப் படிப்படியாகக் கூட்டவும், நாளங்கள் விரியவும் சிறிது நேரம் கொடுத்தால், இதயத் தசைக்குத் திடீர்ச் சுமை ஏற்படுவதில்லை. நடையை முடிக்கும்போதும் அவ்வாறே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். விரைந்து நடந்தவர் சட்டென நின்றால், விரிந்திருக்கும் கால் நாளங்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் உண்டாகலாம்.

கெண்டைக்கால் தசையைச் சிலர் இரண்டாம் இதயம் என்று கூறுவதுண்டு. அது மிகையன்று. கால் சிரைகளில் இரத்தம் மேல்நோக்கி மட்டுமே செல்லுமாறு சிறு தடுப்பிதழ்கள் உள்ளன. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கெண்டைத்தசை சுருங்கிச் சிரைகளை அழுத்துகிறது, இரத்தம் மேலேறுகிறது, தடுப்பிதழ்கள் அது கீழிறங்காமல் காக்கின்றன. நெடுநேரம் நாற்காலியில் இருப்பவருக்குக் கால் வீங்குவதும், அவரே சிறிது நடந்தால் வீக்கம் வடிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு நடையில் மேலும் ஒரு பயன் உண்டு. இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழைவதற்குப் பொதுவாக இன்சுலின் தேவைப்படுகிறது. சுருங்கி விரியும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் வல்லமை உடையது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும் இவ்வழி திறந்தே இருக்கிறது. உணவுக்குப் பின் நடப்பவருக்குச் சர்க்கரை ஏறும் அளவு குறைவதற்கு இதுவே காரணம். இதே காரணத்தால், இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு நீண்ட நடையில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். ஆகவே எல்லோரும் இட்லி உண்ட பின்னரே புறப்பட்டோம். ஒவ்வொருவர் பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது.

வரப்பின் மேல்

கரையிலிருந்து இறங்கியதும் வயல்வெளி. கதிர் பால்பிடிக்கும் பருவம். இளவெயிலில் பனித்துளிகள் காய்ந்துகொண்டிருந்தன. கொக்குகள் நாங்கள் நெருங்குந்தோறும் எழுந்து அடுத்த வயலில் இறங்கின. வரப்பு ஒற்றையடி அகலம். சில இடங்களில் ஈரம்.

விவசாயி முன்னே நடந்தார். பாதத்தைச் சிறிது பக்கவாட்டில் திருப்பி வைத்து, நீர்மடை வந்த இடத்தில் தாண்டி, எங்கும் தடுமாறாமல் சென்றார். "அப்பா, பாத்து, மெதுவா" என்று பின்னால் வந்த மகனின் கால்தான் வழுக்கிச் சேற்றில் இறங்கியது. தந்தை திரும்பிக் கைகொடுத்தார். நான்கு மாதங்களாகத் தந்தையைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துச் சென்ற மகன், அக்கையைப் பற்றிக்கொண்டு மேலேறியதைக் கண்டு எல்லோரும் சிரித்தனர், மகனும் சிரித்தார்.

சமதளச் சாலையோ டிரெட்மில்லோ தராத பயிற்சியை வரப்பு தருகிறது. நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி போகிறது: கண்கள் காண்பது, உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு உணர்வது, பாதமும் மூட்டுகளும் தரையை அறிவது. மேடுபள்ளமான நிலத்தில் இம்மூன்றும் ஒருங்கே உழைக்கின்றன. வயது ஏற ஏற இத்திறன் மங்கும். பயன்படுத்தாவிட்டால் இன்னும் விரைவாக மங்கும். வீட்டிலேயே அடைந்து கிடக்கும் முதியவர் என்றோ ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு, அந்நெடுநாள் அடைப்பும் ஒரு காரணமாகலாம். அதேவேளையில், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் கண்களையே பெரிதும் நம்பி நடக்கிறார் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். அத்தகையோர் பகல் வெளிச்சத்தில் நடப்பதே பாதுகாப்பு. வரப்பைத் தவிர்த்து அவர்களை வண்டிப்பாதையிலேயே அழைத்துச் சென்றோம். கையில் ஊன்றுகோலும் கொடுத்திருந்தோம்.

புளியமர நிழலில்

எட்டு மணியளவில் சாலையோரப் புளியமரங்களின் கீழ் அமர்ந்து, எல்லோரும் காலணியையும் காலுறையையும் கழற்றுமாறு கூறினோம். இது எங்கள் திட்டத்திலேயே இருந்தது. சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் வெள்ளைக் காலுறையே அணிவித்திருந்தோம்.

மேற்சொன்ன அம்மையாரின் வலக் காலுறையில், பெருவிரலுக்குக் கீழே, குன்றிமணி அளவில் சிவப்புக் கறை இருந்தது. காலணியைத் திருப்பிப் பார்த்தபோது, அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு சீமைக்கருவேல முள் ஒன்று உள்ளே நின்றது. எங்கே ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. "அத்தை, வலிக்கவே இல்லையா?" என்று மருமகள் பதறினார். "எங்கம்மா வலிச்சுச்சு? ஒண்ணுமே தெரியலையே" என்றார் அவர்.

அவருக்கு இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்பே அறிந்திருந்தோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அவ்விழையின் தொடுகை அவருக்கு வலப்பாதத்தின் பல இடங்களில் புலப்படவில்லை. நாட்பட்ட சர்க்கரை நோய் நரம்புகளை நலிவிக்கும்போது முதலில் மறைவது வலி. வலி இல்லாதது நலம் என்று நோயாளி எண்ணுகிறார். முள்ளோ கூழாங்கல்லோ உள்ளே இருக்க, அதன்மேலேயே நாட்கணக்கில் நடக்கிறார். புண் சீழ்பிடித்து நாற்றம் வந்தபின் மருத்துவமனைக்கு வருகிறார். விரலையோ காலையோ இழந்தவர்கள் பலரின் கதை இப்படிச் சிறிய காயத்தில்தான் தொடங்குகிறது.

செவிலியர் முள்ளை அகற்றி, புண்ணைத் தூய நீரால் கழுவிக் கட்டுப்போட்டார். இரணஜன்னித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று விசாரித்தோம். நினைவில்லை என்றதால் அன்றே போடப்பட்டது. எஞ்சிய நடையை அவர் வேனிலிருந்தே கண்டார். பத்து நாட்களில் புண் ஆறியது. ஒவ்வோர் இரவும் மாமியாரின் பாதத்தை விளக்கொளியில் பார்ப்பது இப்போது அம்மருமகளின் வழக்கம். அடிப்பாதத்தை ஒருவர் தாமே காண்பது கடினம். வீட்டார் செய்யக்கூடிய பேருதவி இதுவே. நடந்ததைக் காட்டி "இதற்குத்தான் வெளியே போக வேண்டாம் என்றோம்" என்று அவரைத் தடுப்பது எளிது. முள் வீட்டு முற்றத்திலும் கிடக்கும். காப்பது, தடித்த அடிப்பாகமுள்ள காலணியும், அணியுமுன் அதனைத் தட்டிப் பார்ப்பதும், நடந்தபின் பாதத்தைச் சோதிப்பதும்தான்.

சோலைமலைப் பாதையில்

அழகர்கோவில் சாலையில் வண்டிகள் விரைந்து செல்வதால் அத்தொலைவை வேனில் கடந்து, மலையடிவாரத்தில் இறங்கினோம். அழகர்மலையைத் திருமாலிருஞ்சோலை என்றும் சோலைமலை என்றும் நம் முன்னோர் பெயரிட்டது பொருத்தமே. கோவிலைத் தாண்டிப் பழமுதிர்சோலை நோக்கிச் செல்லும் தார்ப்பாதையின் இருபுறமும் காடு. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தபோதும் பாதையில் நிழல் தொடர்ந்தது. உச்சிவரை ஏறுவது எங்கள் நோக்கமன்று. ஏற்றத்தில் உடல் என்ன சொல்கிறது என்பதைக் கேட்கப் பழகுவதே நோக்கம்.

எவ்வளவு வேகம் தகும் என்பதை அறிய நாடியை எண்ணுமாறு சொல்வதுண்டு. ஆனால் மாரடைப்புக்குப் பின் பலரும் உட்கொள்ளும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் தடுக்கின்றன. ஆகவே அவ்வெண்ணிக்கை அவர்களுக்குச் சரியான வழிகாட்டியன்று. பேச்சே எளிய அளவுகோல். நடக்கும்போது உடன் வருபவருடன் இயல்பாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. பாடவும் முடிந்தால் வேகத்தைச் சிறிது கூட்டலாம். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டாம். பேச்சுத் துணைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

விவசாயி பழமுதிர்சோலையின் நாவல் மரத்தைப் பற்றியும், முருகன் ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா என்று வினவிய கதையைப் பற்றியும் பேசிக்கொண்டே ஏறினார். நாவற்கொட்டைப் பொடி சர்க்கரையைக் குணமாக்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நாவற்பழத்தை அளவோடு உண்பதில் தவறில்லை. அதன் பொடியை நம்பி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்துவது ஆபத்து என்று விடையளித்தோம்.

ஒரு திருப்பத்தில் ஏற்றம் செங்குத்தாயிற்று. பேசிக்கொண்டிருந்த விவசாயியின் சொற்கள் துண்டுபட்டன. "இருங்க, ரெண்டு நிமிசம்" என்று கூறி, பாதையோரச் சுவரில் அமர்ந்தார். மகனின் முகம் வெளுத்தது. சட்டைப்பையிலிருந்து நாவுக்கடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துவிட்டார். நாங்கள் அவர் தோளில் கைவைத்து நிறுத்தி, தந்தையிடம் கேட்கவேண்டியவற்றைக் கேட்கச் சொன்னோம். நெஞ்சில் இறுக்கமோ பாரமோ உண்டா? தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுகிறதா? குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டல் உண்டா? ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லையென்று தலையசைத்தார். மூன்றாம் நிமிடத்தில் அவர் மூச்சு சீராயிற்று. விட்ட இடத்திலிருந்து ஔவையின் கதையைத் தொடர்ந்தார்.

உழைப்பால் வாங்கும் மூச்சு ஓய்ந்தால் சில நிமிடங்களில் அடங்கும். அது நோயின் அறிகுறியன்று. நலமான இதயம் உள்ளவருக்கும் அவ்வாறே. அவர் தாமாக உணர்ந்து, தாமாக நின்றார் என்பதைத்தான் மகன் கவனிக்க வேண்டும் என்று எடுத்துக் கூறினோம். மாறாக, நெஞ்சு இறுக்கம் தோன்றினால் நடையை உடனே நிறுத்தி அமர வேண்டும். இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும் என்பதால், மாத்திரையை அமர்ந்த நிலையிலேயே நாவுக்கடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால், 'இன்னும் சிறிது பார்ப்போம்' என்று காத்திராமல் 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்தவர், எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மகன் மாத்திரையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். இருவரும் மேலும் சிறிது தொலைவு, மெல்ல, பேசிக்கொண்டே ஏறினர்.

வெயில் ஏறிய பின்

பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினோம். இறக்கம் மூச்சுக்கு எளிது. தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் கடினம். உடலின் எடையைத் தாங்கியபடியே தசை நீள்வதால், ஓரிரு நாள் கழித்துத் தொடையில் வலி தோன்றலாம். அது தானே நீங்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஊன்றுகோலுடன் சிறு அடிகளாக இறங்க வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பலர் ஐயம் எழுப்பினர். வைட்டமின் டி தோலில் உருவாவதற்குச் சூரிய ஒளியிலுள்ள ஒருவகைப் புறஊதாக் கதிர் தேவை. அதிகாலை இளவெயிலில் அக்கதிர் மிகக் குறைவு. வெயில் ஏறிய பின்னரே போதிய அளவில் கிடைக்கிறது. கருநிறத் தோலுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். ஆகவே இளவெயிலில் நடப்பவருக்கும் இக்குறைபாடு இருக்கலாம். அதற்காக இதய நோயாளியை உச்சிவெயிலில் நிறுத்த வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மருந்தால் ஈடுசெய்யலாம்.

வெப்பத்தில் உடல் குளிர்வதற்காகத் தோலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையாய் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. நீர்ப்பெருக்கி மாத்திரை எடுப்பவருக்கு இதனால் அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். இதயம் நலிந்தமையால் அளவாக நீர் அருந்துமாறு கூறப்பட்டவர், வெயிலில் நடக்கும் நாளில் எவ்வளவு அருந்தலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் முன்பே கேட்டறிய வேண்டும். அன்று எல்லோருக்கும் உப்புக் குறைத்த நீர்மோர் அளந்து கொடுத்தோம். பங்குனி, சித்திரை மாதங்களில் காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துவிடுவதே நன்று.

புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் நடந்தவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதரிலும் புல்லிலும் வாழும் சிற்றுண்ணிகளின் கடியால் 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்னும் காய்ச்சல் நம் மாநிலத்தில் உண்டாகிறது. கடித்த ஒரு வாரம் முதல் மூன்று வாரத்திற்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வரும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்ட வடுப்போல் கருத்த பொருக்கு ஒன்று வலியின்றி இருக்கக்கூடும். காலத்தில் கண்டறிந்தால் எளிய மருந்தாலேயே குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். காய்ச்சலுக்கு மருத்துவரைக் காணும்போது 'காட்டுப்பக்கம் நடந்தேன்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறவாதீர்கள். புல்தரையில் வெறும் உடம்புடன் படுக்காமலிருப்பதும், வீடு திரும்பியதும் குளித்து உடையைத் துவைப்பதும் நல்ல காப்பு.

வயலுக்குத் திரும்புதல்

அடுத்த மாதப் பரிசோதனைக்கு விவசாயியும் மகனும் வந்தபோது, கேள்வி மாறியிருந்தது. "அப்பா வயலில் எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது?" என்று மகன் தாளில் எழுதிக்கொள்ள முனைந்தார். வரப்பைச் சுற்றிவருதல், மடை பார்த்தல், இலேசான களையெடுப்பு ஆகியவற்றுக்கு இசைந்தோம். மூட்டை தூக்குவதும், மூச்சை அடக்கி மண்வெட்டி பிடிப்பதும் இரத்த அழுத்தத்தைச் சட்டென ஏற்றுபவை. அவற்றுக்குப் படிப்படியான பயிற்சிக்குப் பின்னரே இசைவோம் என்றோம். இரவில் தனியே நீர் பாய்ச்சச் செல்வதில்லை என்றும், மகனோ அண்டை வயற்காரரோ உடனிருப்பர் என்றும் அவர்களே முடிவுசெய்திருந்தனர். நிலம் குத்தகைக்குப் போகவில்லை.

எல்லோருக்கும் வயல் இல்லை. எல்லோராலும் சோலைமலைக்கு வர இயலாது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையோ, தோப்புக்குச் செல்லும் வண்டிப்பாதையோ போதும். முதல் வாரம் பத்து நிமிடம் போய்வாருங்கள். உடல் இடங்கொடுத்தால் வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். உண்ணாமல் புறப்பட வேண்டாம். மருந்துச் சீட்டின் நகல், தண்ணீர், குளுக்கோஸ், கைபேசி ஆகியவை உடனிருக்கட்டும். செல்லும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வீட்டாருள் ஒருவர் முதல் சில வாரங்கள் உடன் நடக்கட்டும். முன்னே இழுக்கவோ பின்னே தடுக்கவோ வேண்டாம், பக்கத்தில் பேசிக்கொண்டு வந்தால் போதும்.

இவற்றுக்கு முன்னதாக, அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, "நான் எவ்வளவு தூரம் நடக்கலாம்?" என்று நோயாளியே எங்களிடம் கேட்கட்டும். பாதத்தையும் நாடியையும் மருந்துகளையும் பார்த்து, அவரவர்க்குரிய அளவை எழுதித்தருவது எங்கள் கடமை.